ஒற்றைப்படைக்கு ஓர் அரிசி, இரட்டைப்படைக்கு ஓர் அரிசி

1900-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆள் எந்த அரிசியைச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் போதும். இன்னும் சில மாதங்களில் அவர் கால் மரத்துப் படுக்கையில் விழுவாரா, நடமாடிக்கொண்டிருப்பாரா என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். மலாய்க்காரர் தம் கம்பத்தில் விளைந்த நெல்லை வீட்டிலேயே குத்திச் சமைத்தார். ஈயச் சுரங்கத்துச் சீனருக்குக் கிடைத்தது சயாமிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பச்சரிசி. ஆலையில் தவிடு முழுக்கத் தீட்டி, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ரப்பர்த் தோட்டத்திலும் ரயில் சடக்கிலும் வேலை பார்த்த தமிழருக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த புழுங்கல் அரிசி.

மூவர் உண்டதும் சோறுதான். ஆனால் பெரிபெரி என்ற நோய் சுரங்கத்துச் சீனரையும் சிறைக் கைதிகளையும் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனபோது, கம்பத்து மலாய்க்காரரையும் தோட்டத்துத் தமிழரையும் பெரும்பாலும் எட்டிப் பார்க்காமல் போனது.

அந்த நோய் வருவது தெரியாமல் வரும். முதலில் பாதத்தில் மதமதப்பு. பிறகு கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி. மாடிப்படி ஏற முடியாது. உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாது. சிலருக்குத் தசைகள் வற்றிப்போய்க் கால் சூம்பிவிடும். சிலருக்கு நேர்மாறாக உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, ஒரு நாள் திடீரென்று இதயம் நின்றுவிடும். நேற்று வரை நடந்தவர் இன்று காலை இல்லை என்பது கோலாலம்பூர் மருத்துவமனைகளில் அன்றாடச் செய்தி.

காரணம் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்து உலகை மயக்கியிருந்த காலம் அது. ஆகவே இதுவும் கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் நம்பினார்கள். 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டும் அந்தக் கட்சிதான். சிறைக் கட்டடத்தின் ஈரத் தரையிலும் சுவரிலும் கிருமி ஒட்டியிருக்கிறது, அங்கே தங்குபவர் வயிற்றுக்குள் அது போகிறது என்பது அவர் வாதம். கிருமியைப் பிடித்துக் காட்டத்தான் முடியவில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவர் லெனர்ட் பிராடன் வேறு பக்கம் பார்த்தார். நோயாளிகளின் இனத்தையும் தொழிலையும் குறித்துக்கொண்டே போனவருக்கு, இனத்துக்குப் பின்னால் அரிசி நிற்பது கண்ணில் பட்டது. தமிழனுக்கு வராதது அவன் தமிழன் என்பதால் அல்ல, அவன் புழுங்கல் அரிசி தின்கிறான் என்பதால். பிராடன் இதை 1907-இல் தடித்த புத்தகமாகவே எழுதினார். ஆனால் காரணத்தில் சறுக்கினார். தீட்டிய பச்சரிசி மூட்டையில் கிடந்து பழசாகும்போது அதில் ஒரு நஞ்சு ஊறுகிறது என்றும், நெல்லை அவித்தால் அந்த நஞ்சு உண்டாவதில்லை என்றும் முடிவுகட்டினார். விளக்கம் தவறு, எச்சரிக்கை சரி. அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்டவர்களுக்குச் சிலை வைப்பதில்லை. ஆனாலும் பிராடன் சொன்னபடி அரிசியை மாற்றியிருந்தால் அன்றே பல உயிர்கள் தப்பியிருக்கும்.

அந்தப் புத்தகத்துக்கு முன்பிருந்தே பிராடன் இதைச் சொல்லிவந்தார்; சக மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒருவர்தான் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். பிராடன் சொல்வதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று அவர் கிளம்பினார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905-இல் அந்த விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கத்து வார்டுக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்கத்து வார்டுக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. குழம்பு, காய், மீன் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. இரண்டு கட்டடங்களும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாக இருந்தன. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது என்பவர்களின் வாயை அடைக்க, ஆண்டின் நடுவில் இரு கூட்டத்தாரையும் வார்டு மாற்றிப் படுக்க வைத்தார். அரிசி மட்டும் மாறவில்லை.

1906 டிசம்பர் 31 வரை இது நடந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரி இருந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அவர்களில் யாரும் இறக்கவில்லை. பச்சரிசிப் பக்கத்தில் பலர் விழுந்தார்கள். 18 பேர் செத்தார்கள்.

அறிக்கை 1907-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஆட்களை எண்ணிப் பிரித்து, ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து, விளைவை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய மருத்துவ ஆய்வின் அடிப்படை முறை. அதன் முன்னோடிச் சோதனைகளில் ஒன்றாக இதை இன்றும் மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். முறை அழகு. ஆனால் அந்த 18 பேர் யாரும் தங்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசையில் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டவரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று பரவலாக இல்லை என்று சமாதானம் சொல்லலாம். மாதங்கள் போகப் போக ஒரு பக்கம் மட்டுமே சாவு விழுவது தெரிந்தும் ஆண்டு முடியும் வரை காத்திருந்தது ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சமாதானம் போதாது. சில ஆண்டுகளில், 1911-இல், பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைக்கும் மலேசியத் தமிழர் கேலியாகப் பிடித்துக்கொள்ளும் ஊர்ப்பெயர் அது. கோலாலம்பூர் விடுதியின் கதை மெல்ல மறந்துபோனது.

ஃபிளெட்சர் ஒரு நேர்மை காட்டினார். நோய் அரிசியால் வருகிறது என்று ஒப்புக்கொண்டாலும், அந்த அரிசியில் ஏதோ கெடுதல் இருக்கிறதா அல்லது இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லையா என்பதைத் தம் சோதனை தீர்க்கவில்லை என்று எழுதினார். இந்த ஒரு வரிச் சந்தேகத்திலிருந்துதான் அடுத்த ஆய்வு கிளம்பியது.

மருத்துவ ஆய்வுக் கழகத்துக்குப் பின்னர் இயக்குநராக வந்தவர்களில் ஒருவர் ஹென்றி ஃபிரேசர். 1907-இல் அவரோடு தாமஸ் ஸ்டாண்டன் சேர்ந்தார். பழைய கட்டடம், பழைய கிருமி என்ற பேச்சுக்கே இடம் வைக்கக்கூடாது என்று, ஜெலெபு மாவட்டத்தில் துரியான் திப்புஸ் பக்கம் கன்னிக்காட்டுக்குள் சடக்குப் போடப் போன ஜாவாக்காரக் கூலிகள் ஏறத்தாழ 300 பேரை எடுத்துக்கொண்டார்கள். மனிதர் அதுவரை குடியிருக்காத இடம், புதுக் கொட்டகைகள். ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசிக் கொட்டகையில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் கொட்டகையில் ஒன்றும் இல்லை. ஃபிளெட்சரைப் போலன்றி, இவர்கள் நோய் தோன்றியதும் அந்தக் கூட்டத்துக்கும் புழுங்கல் அரிசியைக் கொடுத்தார்கள். நோய் நின்றது.

பிறகு கோழிக்கு வந்தார்கள். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழி சில வாரங்களில் கால் மடங்கிச் சாய்ந்தது. அதே அரிசியோடு ஆலையில் கழித்த தவிட்டைக் கலந்து போட்டால் சாயவில்லை. தவிட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கிய சாறும் கோழியைக் காத்தது. அதே ஆல்கஹாலால் புழுங்கல் அரிசியைக் கழுவிச் சாரத்தை எடுத்துவிட்டால், அந்தப் புழுங்கலும் பச்சரிசி போலவே கோழியைச் சாய்த்தது. நஞ்சுக் கட்சியின் கதை இதோடு முடிந்தது. அரிசியில் எதுவும் புகவில்லை; ஆலை எதையோ எடுத்துத் தவிட்டோடு மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டுக்கொண்டிருந்தது.

அது என்ன என்று அவர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் பயன்படக்கூடிய ஓர் அளவுகோலைக் கொடுத்தார்கள். அரிசியின் பாஸ்பரஸ் அளவைப் பார். பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டால் 0.4 சதவீதத்துக்குக் கீழே போகும் அரிசி அதிகமாகத் தீட்டப்பட்டது, ஆபத்தானது. பாஸ்பரசுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. தவிடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவே. சிறைக்கும் மருத்துவமனைக்கும் அரிசி வாங்கும் அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்?

நெல்லை அவிக்கும் வழக்கம் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் வைட்டமினுக்காகத் தோன்றியதில்லை. அவித்துக் காயவைத்த நெல் உலக்கைக்கு அடங்கி முழுசாக அரிசியாகும், நொய்யாகாது. பூச்சி எளிதில் அண்டாது. சோறு உதிரியாக இருக்கும். மறுநாள் பழையதாகவும் நன்றாக நிற்கும். இந்தக் காரணங்கள் போதும் என்றுதான் பெண்கள் களத்தில் அண்டா வைத்து நெல் அவித்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அந்த அண்டாவுக்குள் ஒன்று நடந்தது. நெல்லின் மேல்தோலிலும் முளையிலும் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, தண்ணீரில் கரையக்கூடியது. ஊறவைக்கும்போதும் அவிக்கும்போதும் அது உமிக்குள்ளேயே கரைந்து அரிசியின் நடுப்பகுதிக்குள் இறங்குகிறது. சூட்டில் மாவுப்பொருள் குழைந்து, பின் காயும்போது இறுகி, தயமினைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ஆலைக்காரர் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதியைத்தான் இழக்கும். மனித உடம்பு தயமினைச் சேமித்து வைக்கும் திறன் மிகக் குறைவு; இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு தாங்காது. மூன்று வேளையும் சோறும் கொஞ்சம் கருவாடும் மட்டுமே உண்ட கூலிக்காரருக்கு அந்த இருப்பை நிரப்ப அரிசியைத் தவிர வேறு வழி இல்லை. கறியும் பருப்பும் காயும் கண்ட முதலாளி பச்சரிசி தின்றாலும் நோய் வராததன் காரணம் இதுதான்.

உலகப் புகழ் வேறு பக்கம் போனது. பதாவியாவில் 1890-களிலேயே கோழிகளை வைத்து இந்தப் பாதையில் இறங்கிய கிறிஸ்டியான் எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற பெயரைச் சூட்டினார். 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, பின்னர் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனமாயிற்று. நெல்லூருக்கு வடக்கே ஆந்திரக் கடற்கரையில், பச்சரிசியே உண்ணும் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் இல்லை. மலாயாவில் கண்ட அதே கோடு இந்தியாவிலும் ஓடியது.

1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே பிரதான உணவாக உண்பதால்தான் பெரிபெரி வருகிறது என்று தீர்மானம் போட்டது. பிலிப்பீன்ஸ் அரசு அவ்வாண்டே தன் நிறுவனங்களில் வெள்ளை அரிசியைத் தடை செய்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நோயை நிறுத்தியது கைதிக்குச் சொன்ன புத்திமதி அல்ல. கைதிக்கு எந்தச் சோறு என்று சொல்லும் உரிமையே கிடையாது. கொள்முதல் செய்யும் எழுத்தர் டெண்டர் தாளில் ஒரு சொல்லை மாற்றினார். சிறையில் சாவு குறைந்தது. ஊட்டச்சத்து என்றதும் நாம் சாப்பிடுபவரின் ஆசையையும் அறியாமையையும் பேசுகிறோம். மலாயாவின் சோற்றுக் கதையில் பெரும்பாலான முடிவுகள் தட்டுக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே, ஆலையிலும் கிடங்கிலும் கப்பல் துறையிலும் எடுக்கப்பட்டிருக்கின்றன.

ஜப்பானியர் காலம் அதைக் கொடூரமாக நிரூபித்தது. 1942-க்குப் பிறகு பர்மா, சயாம் அரிசி வரத்து குலைந்தது. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதிக்கு இறக்குமதியை நம்பியிருந்த நாடு. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்ட தோட்டத் தமிழர்களிடையே காலரா, மலேரியாவோடு பெரிபெரியும் கைகோத்து வந்தது. புழுங்கல் அரிசியால் இரண்டு தலைமுறையாகத் தப்பியிருந்த அதே மக்கள்தான்.

அரிசி வரத்து இன்றும் இந்த நாட்டின் பலவீனமான இடம். மலேசியா தன் தேவை முழுவதையும் தானே விளைவிப்பதில்லை. மிச்சத்தை வெளியிலிருந்து வாங்கும் தனி உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது, அந்த ஒப்பந்தம் 2031 வரை நீடிக்கிறது. 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசி மீது 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. உலகச் சந்தையில் விற்கும் அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது என்பதால் அதிர்ச்சி எங்கும் பரவியது. செப்டம்பர் 1-ஆம் தேதி பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக்கியது. உள்ளூர் அரிசிக்கோ 10 கிலோ 26 வெள்ளி என்ற அரசு உச்சவரம்பு. விலை குறைந்ததை எல்லாரும் தேட, சில வாரங்களில் கடை அலமாரிகளில் உள்ளூர் அரிசி காணாமல் போனது. உள்ளூர் அரிசியே இறக்குமதிப் பையில் புகுந்து விலையேறுகிறதோ என்ற சந்தேகம் நாடாளுமன்றம் வரை போனது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம். சோற்றுக்கு அளவு வைக்காமல், கேட்கக் கேட்கப் போடுவதுதான் அந்தத் தொழிலின் இலக்கணமே.

அந்தத் தொழிலுக்குப் பெயர்போன இடங்களில் ஒன்று கோலாலம்பூரின் பங்சார். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, தோட்டம் வெட்டுப்பட்டு வீடுகளாகி, இன்று காப்பி ஒரு கோப்பைக்குப் பதினைந்து வெள்ளி கேட்கும் பேட்டையாகியிருக்கிறது. ஆயினும் மதிய நேரத்தில் தெலாவி பக்கத்தில் இலை விரித்துக் காத்திருக்கும் கூட்டத்தில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். பரிமாறுபவர் முதலில் கேட்பது பச்சரிசியா புழுங்கலா என்று. 1905-இல் வரிசையில் நின்று எண்ணப்பட்டவர்களுக்குக் கிடைக்காத கேள்வி அது.

பங்சாருக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. ஜாலான் ரூமா சாக்கிட் பங்சாரில் பல ஆண்டுகள் இயங்கிய பொதுச் சுகாதாரக் கழகம், பின்னாளில்தான் ஷா ஆலாமின் செத்தியா ஆலாமுக்கு இடம் மாறியது. தேசிய சுகாதார, நோய்ப் பரவல் ஆய்வு என்ற மாபெரும் கணக்கெடுப்பை நடத்துவது இந்தக் கழகம்தான். 1986-இல் தொடங்கி பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது, 2011-க்குப் பின் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பகுதியாக நடக்கிறது. வீடு வீடாகப் போகிறார்கள். உயரம், எடை பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். இங்கே யாரும் கைதி இல்லை. கதவைத் திறக்க மறுக்கலாம்.

2019-ஆம் ஆண்டு முடிவைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். வயது வந்த மலேசியர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். பெரும்பாலும் தமிழர்கள் அடங்கிய கூட்டம் இது. அதாவது பெரிபெரிக் கணக்கில் நாட்டிலேயே பாதுகாப்பாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நீரிழிவுக் கணக்கில் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறார்கள். மொத்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, விரலில் குத்திச் சொல்லும் வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. வயது வந்தவர்களில் 95 சதவீதத்தினர் பரிந்துரைத்த அளவு பழமோ காயோ உண்பதில்லை. பாதிப் பேருக்கு எடை கூடுதல்.

இதற்கு அரிசியைப் பழி சொல்வது எளிது. கொஞ்சம் பழி அதற்கு உண்டுதான். 21 நாடுகளில் 1,32,373 பேரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வு 2020-இல் ஒரு கணக்கைச் சொன்னது: நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, அந்த உயர்வு தெற்காசியாவில்தான் மிக அதிகம். ஆனால் தோட்டத்தில் விடியற்காலை மரம் சீவி, பால் வாளி சுமந்து, மைல் கணக்கில் நடந்த பாட்டனும் அதே அளவு சோறு தின்றவர்தான். அவர் பேரன் காரில் உட்கார்ந்து கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நெரிசலில் ஊர்ந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, மாலையில் தே தாரிக்கில் இனிப்புப் பால் ஊற்றிக் குடிக்கிறார். பரம்பரைக் கூறும் உண்டு. சோற்றை மட்டும் கூண்டில் நிறுத்த முடியாது.

புழுங்கல் அரிசி இங்கேயும் கைகொடுக்குமா? ஓரளவு. அவித்துக் காய்ந்த மாவுப்பொருள் மெதுவாகச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை சற்று நிதானமாக ஏறலாம். ஆனால் நெல் ரகத்துக்கு ரகம் இது மாறுகிறது. சில புழுங்கல் ரகங்கள் பச்சரிசிக்குச் சளைத்தவை அல்ல. சென்னையில் மோகனின் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆடுதுறை 43 ரகத்திலிருந்து நார்ச்சத்து கூடிய அரிசி ஒன்றை உருவாக்கியது. அதன் சர்க்கரை ஏற்றக் குறியீடு சாதாரண அரிசியைவிட 23 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். தீர்வு மறுபடியும் நெல்லில், தட்டுக்கு வெகு முன்னால். பங்சார் இலையிலோ புழுங்கல் என்ற தைரியத்தில் நாலாவது கரண்டி விழுகிறது. மலேசியச் சுகாதார அமைச்சு ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ என்று ஒரு பாடம் சொல்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, பாதி காயும் பழமும். வட்டத் தட்டுக்குப் போட்ட கணக்கை நீள வாழை இலைக்கு எப்படிப் பொருத்துவது என்று யாரும் இதுவரை படம் போட்டுக் காட்டவில்லை.

பங்சார் மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் லெம்பா பந்தாய் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகள் எழுகின்றன. அத்தகைய குடியிருப்புகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் 17 இடங்களை எடுத்துக்கொண்டு, 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் யூனிசெஃப் ஆராய்ந்தது. 2018-இல் அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே மாடிகளில் 23 சதவீதப் பிள்ளைகளுக்கு எடை கூடுதல். எட்டில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று வேளை சாப்பாடு இல்லை. குள்ளமும் பருமனும் ஒரே வீட்டில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. உடனடி மீயும் வெள்ளைச் சோறும் இனிப்புப் பானமும் வயிற்றை நிரப்பும், விலையும் கட்டும். முட்டையும் மீனும் கீரையும் மாதக் கடைசியில் கட்டுப்படியாகாது. விலைவாசியால் சத்தாகச் சமைக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்தாரும். பட்டினியையே தேடும் பழைய அளவுகோலில் இந்த வீடுகள் அகப்படா.

கடைகளின் தரத்தை அரசு அளக்காமல் இல்லை. கோலாலம்பூர் மாநகர மன்றம் உணவகங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி சமையல்காரரும் பரிமாறுபவரும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2018-இல் பங்சாரில் ஒரு வாழை இலை உணவகத்தின் பின்சந்தில், குழியில் தேங்கிய நீரில் தொழிலாளர்கள் தட்டுக் கழுவும் காணொளி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. அதிகாரிகள் உடனே கடையை மூடினார்கள். நாடே முகம் சுளித்தது. சுளிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபம் கழுவும் தண்ணீரோடு நின்றது. ஏ தரம் வாங்கிய கடையின் சுவரில் உள்ள எழுத்து தரையின் சுத்தத்தைச் சொல்லும், எலி இல்லை என்று சொல்லும். குழம்பில் எவ்வளவு உப்பு, எந்த எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, அரிசி எந்த ரகம் என்று ஒன்றும் சொல்லாது. 1910-க்கு முன் சிறைச் சமையற்கட்டைச் சோதித்த அதிகாரிகளும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பியவர்கள்தாம்.

கைதிகளின் பெரிபெரி பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2002 நவம்பர் முதல் 2003 ஏப்ரல் வரை ஐவரி கோஸ்டின் அபிஜான் சிறையில் 712 பேருக்கு அது வந்தது. மலேசியாவிலும் வந்தது. 2014, 2015 ஆண்டுகளில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் ஆள்கடத்துவோர் அடைத்து வைத்திருந்து விட்டுவிட்ட ரோஹிங்கியரில் பலர், மலேசியாவை அடைந்தபோது நடக்க முடியாத நிலையில் இருந்தார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் அவர்களுக்குக் கண்டறிந்து எழுதிய நோய்ப் பெயர் பெரிபெரி. ஃபிளெட்சரின் நோயாளிகளுக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு இருந்தது: தயமின் மாத்திரை, எந்த மருந்துக் கடையிலும் சில காசுக்குக் கிடைக்கும். நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, மாதக் கணக்கான பயிற்சிக்குப் பிறகு சிலர் மீண்டும் நடந்தார்கள்.